குறியும் கறையும்

விமானங்களின் மாதிரியுருக்களைச் செய்தல் சிறுவர் பொழுதுபோக்கென்றே பலராலும் கருதப்படுகின்றது. பெட்டியிலுள்ள பிளாஸ்ரிக் பகுதிகளைப் பிரித்தெடுத்து, பசையிட்டுப் பொருத்தி, வர்ணம் பூசி, மேசைமேல் நிறுத்தியவுடன் வேலை முடிந்தது என்பது பொதுவான எண்ணம். ஆயின் இக்கலையில் முதிர்ந்தோர்க்கு வேலை அங்கேதான் தொடங்குகின்றது. செய்து முடித்த உரு ஒரு விமான வகையைக் குறிக்கின்றதா, அன்றி ஒரு குறித்த விமானத்தைக் குறிக்கின்றதா என்பதே அவர்கள் எழுப்பும் முதல் வினா. வகையை மட்டும் குறிப்பதாயின் எந்த வர்ணமும் ஏறக்குறையப் பொருந்தும். ஒரு குறித்த விமானத்தை, அதிலும் ஒரு குறித்த நாளில் அது நின்ற கோலத்தைக் காட்டுவதாயின், அதன் மேலுள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் எண்ணுக்கும் எண்ணெய்க் கறைக்கும் காரணங் கூறவேண்டிய கடப்பாடு செய்தவனுக்கு உண்டாகின்றது. அக்கடப்பாட்டை ஏற்றுக்கொண்டவுடன் விளையாட்டுப் பொருள் வரலாற்றுப் பொருளாகிவிடுகின்றது.

இதனை ஓர் எடுத்துக்காட்டு வாயிலாக விளக்குதல் நன்று. அமெரிக்க விமானப்படையின் எஃப்-4 சி 'பான்ரம்' வகையைச் சேர்ந்த 64-0829 என்னுந் தொடரெண் கொண்ட ஜெட் விமானம் மாதிரி செய்வோரிடையே நன்கு அறியப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில் தாய்லாந்திலுள்ள உபோன் தளத்திலிருந்து 8 ஆவது போர்விமானப் பிரிவு இதனைப் பயன்படுத்தியது. 1967 ஆம் ஆண்டு மே மாதம் 20 ஆந் திகதி, அப்பிரிவின் தலைவரான கேணல் றொபின் ஒல்ட்ஸ் என்பாரும், பின்னிருக்கையில் அமர்ந்த ஸ்ரீவன் குரோக்கர் என்பாரும் இவ்விமானத்திற் சென்று இரண்டு மிக்-17 விமானங்களை வீழ்த்தினர். ஒல்ட்ஸ் தாம் செலுத்திய விமானங்களுக்கு 'ஸ்கற்' என்னும் பெயரையே தொடர்ந்து இட்டு வந்தவர். இரண்டாம் உலகப்போரில் அவர் செலுத்திய பி-38 விமானத்திலிருந்தே அவ்வழக்கம் வருவது. 64-0829 அவ்வரிசையில் இருபத்தேழாவது என உரோம எண்ணாற் குறிக்கப்பெற்றது. இன்று அது ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இத்துணை விளக்கமான வரலாறுடைய விமானத்தைச் செய்தல் எளிதன்றோ எனத் தோன்றும். அதன் வாற்செட்டையை மட்டும் எடுத்து நோக்கின் அவ்வெண்ணம் மாறும். தொடரெண்ணின் முதற்பகுதியாகிய 64 என்பது விமானம் எந்த நிதியாண்டின் பணத்திற் கொள்வனவு செய்யப்பட்டது என்பதைக் காட்டும். வாற்செட்டையில் அது சிறிய வடிவிலும், இறுதி மூன்று இலக்கங்களாகிய 829 பெரிய வடிவிலும் எழுதப்படும். இவற்றோடு எஃப், ஜி என்னும் இரு பெரிய எழுத்துகளும் உண்டு. முன்னெழுத்து 8 ஆவது பிரிவையும், பின்னெழுத்து அதிலடங்கிய 433 ஆவது அணியையும் உணர்த்துவன. இவ்வெழுத்துகள் விமானம் பிறந்தபோதே அமைந்தவையல்ல. போர் நடந்துகொண்டிருக்கையில் இடையே வந்து சேர்ந்தவை. விமானத்தின் நிறமுந்தான் அத்தகையது. எஃப்-4 சி விமானங்கள் தொடக்கத்தில் மேலே சாம்பலும் கீழே வெண்மையுமான மினுக்கப் பூச்சுடன் படையிற் சேர்ந்தன. தென்கிழக்காசியப் போருக்கென வகுக்கப்பட்ட மூவர்ண உருமறைப்பு 1965 ஆம் ஆண்டையடுத்தே அவற்றின்மேல் ஏறியது. ஆகவே ஒரே விமானம் மூன்று ஆண்டுகளில் மூன்று கோலங் கொண்டிருக்கக்கூடும். திகதியை முதலில் வரையறுத்துக்கொள்ளாதவன் ஓராண்டின் நிறத்தையும் மற்றோராண்டின் எழுத்தையும் ஒன்றுசேர்த்து, என்றுமே இருந்திராத ஒரு விமானத்தைப் படைத்துவிடுவான்.

வெற்றிக்குறியாக இடப்படும் செந்நட்சத்திரங்கள் இன்னும் நுண்ணிய சிக்கலை விளைப்பன. வியட்நாமில் ஒல்ட்ஸ் பெற்ற வெற்றிகள் நான்கு. 1967 ஜனவரி 2 இலும் மே 4 இலும் பெற்ற இரண்டும் வேறு விமானங்களிற் பெற்றவை. 64-0829 இற்கு உரியவை எஞ்சிய இரண்டே. விமானியின் கணக்கு வேறு, விமானத்தின் கணக்கு வேறு என்பதை மறந்தவர் நான்கு நட்சத்திரங்களை ஒட்டிவிடுவர். அதனினும் பெரிய வழு ஒன்றுண்டு. மே 20 ஆந் திகதி அவ்விமானம் ஓடுபாதையிலிருந்து எழுந்தபோது அன்று பெறவிருந்த வெற்றிக்குரிய குறி அதன்மேல் இருந்திருக்க இயலாது. நட்சத்திரத்தையும் ஒட்டி, ஏவுகணைகளையும் நிறைய மாட்டி, 'வெற்றி நாளின் கோலம்' என்று பெயர்ப்பலகையும் வைப்பவர், காரணத்துக்கு முன்னே காரியத்தை நிறுத்தியவராவர். ஒவ்வொரு நட்சத்திரமும் மனிதன் அமர்ந்திருந்த ஒரு விமானம் வீழ்ந்ததைக் குறிப்பது என்பதும் மறக்கத்தக்கதன்று. அழகு கருதி அதனைக் கூட்டவோ குறைக்கவோ எவர்க்கும் உரிமையில்லை.

இனி, உண்மையை அறிதற்குரிய சான்றுகள் யாவை? மாதிரி செய்வோன் கையிற் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று. டெக்கல் எனப்படும் ஒட்டுப்படத் தாள், அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம், பழைய புகைப்படம் என்பன அவை. ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங் காண்பவர்க்கு இம்மூன்றின் தராதரம் எளிதில் விளங்கும். ஒட்டுப்படத் தாள் பிற்காலத்தவர் ஒருவர் பெயர்த்தெழுதிய படியை ஒத்தது. அவர் எதனைப் பார்த்து எழுதினாரோ அதன் பிழையும் அவர் பிழையும் அதிற் சேர்ந்திருக்கும். அருங்காட்சியக விமானம் மூல ஏடு போலத் தோன்றுவது. உலோகம் பழையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் போருக்குப் பின்னரும் பணியிலிருந்து, பின் காட்சிக்கெனச் செப்பனிடப்பட்ட ஒரு விமானத்தின் மேற்பூச்சு 1967 ஆம் ஆண்டுப் பூச்சாகாது. காட்சிக் கூடத்தில் வெயிலும் மழையுமின்றிப் பளபளவென நிற்கும் அதனைப் பார்த்து, போர்த்தளத்தில் நின்ற விமானத்தின் நிறம் இதுவெனத் துணிதல், புதுப்பிக்கப்பெற்ற கோயிலின் சுதையைப் பார்த்துப் பழைய சிற்பியின் வர்ணத்தைத் துணிவதற்கு ஒப்பாகும்.

எஞ்சுவது புகைப்படம். திகதியும் இடமும் தெரிந்த புகைப்படமே தலையாய சான்று. அதுவும் முற்றும் நம்பத்தக்கதன்று. கொடக்குறோம் படச்சுருளில் எடுத்தவை இருளிற் பாதுகாக்கப்பட்டால் நெடுங்காலம் நிறங்கெடாமல் இருக்கும். அக்காலத்துப் பிறவகைப் படங்கள் பல செம்மையோ ஊதாவோ பாய்ந்து மாறிவிட்டன. அத்தகைய படத்தை நம்பிப் பச்சையைக் கபிலமாகப் பூசியவர் உளர். இதற்குப் பரிகாரம் ஒன்றுண்டு. அதே படத்தில் நிறம் ஐயமறத் தெரிந்த வேறொரு பொருளைத் தேடவேண்டும். தேசிய அடையாளத்தின் வெண்மை, எச்சரிக்கைக் குறியின் செம்மை, தரையின் கொங்கிறீற்று ஆகியவை எவ்வளவு திரிந்துள்ளன என்று கண்டால், பச்சை எவ்வளவு திரிந்திருக்கும் என்பதை ஓரளவு உய்த்துணரலாம். விமானத்தின் ஒரு பக்கப் படத்தைக்கொண்டு மறுபக்கத்தை ஊகித்தலும் கூடாது. இடப்பக்கத்தில் எழுதியது வலப்பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கும் என்பதற்கு எந்த நியதியும் இல்லை.

நிறங்களைப் பெயராற் குறித்தால் குழப்பமே மிஞ்சும். 'கடும்பச்சை' என்ற சொல்லை நூறு பேர் நூறு விதமாக விளங்கிக்கொள்வர். அமெரிக்க அரசாங்கம் 1956 இல் வெளியிட்ட 595 ஆம் இலக்க நியமம் இக்குழப்பத்தை எண்களாற் தீர்க்க முயன்றது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்திலக்க எண் ஒன்று உண்டு. முதலிலக்கம் மினுக்கத்தைக் குறிக்கும்: 1 மினுக்கம், 2 அரைமினுக்கம், 3 மங்கல். இரண்டாமிலக்கம் நிறக்குடும்பம்: 0 கபிலம், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல் என்றவாறு. இறுதி மூன்றும் ஒளியைத் திருப்பும் அளவைப் பொறுத்தவை. எண் கூடக்கூட நிறம் வெளிறும். தென்கிழக்காசிய உருமறைப்பின் நான்கு நிறங்கள் 34079, 34102, 30219, 36622 என்பன. முதலது கடும்பச்சை, இரண்டாவது அதனினும் சிறிது வெளிறிய பச்சை, மூன்றாவது மண்ணிறம், நான்காவது வயிற்றுப்புறத்து வெண்சாம்பல். நான்கும் 3 இல் தொடங்குதலால் யாவும் மங்கற் பூச்சுகள் என்பது எண்ணைப் பார்த்தவுடனேயே புலனாகும். கண் ஏமாறும் இடத்திலும் எண் உதவும். அமெரிக்கக் கடற்படை 1980 களில் எஃப்-14 விமானங்களுக்குப் பூசிய 35237 என்னும் நிறத்தைப் பார்ப்போர் சாம்பல் என்றே கூறுவர்; இரண்டாமிலக்கம் அது நீலக்குடும்பத்தது என்று அறிவிக்கும்.

எண்ணுக்குச் சரியான பூச்சை வாங்கி மாதிரியின்மேற் பூசினாலும் நிறம் பொருந்தாதது போன்றே தோன்றும். இதற்குக் காரணம் அளவுத்திட்டம். எஃப்-4 ஏறத்தாழ 58 அடி நீளமுடையது. 48 இல் ஒரு பங்கான மாதிரியில் அது பதினான்கரை அங்குலமாகும். அதனை ஓரடித் தொலைவில் வைத்துப் பார்ப்பவன், உண்மை விமானத்தை 48 அடிக்கு அப்பால் நின்று பார்ப்பவனுக்கு ஒப்பானவன். தொலைவிலுள்ள பொருளின் நிறத்தை இடையிலுள்ள காற்றும் ஒளியும் வெளிறச் செய்வதாதலின், மாதிரியின் பூச்சிற் சிறிது வெண்மை கலத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். விதிப்படியான நிறத்தில் ஒரு துளியையும் மாற்றலாகாது என்பர் மற்றொரு சாரார். 48 அடித் தொலைவில் காற்றினால் விளையும் மாற்றம் மிகச் சிறிதே. வெளிறச் செய்யவேண்டிய தேவை பெரும்பாலும் வெயிலாற் பிறப்பதேயன்றித் தொலைவாற் பிறப்பதன்று. எனவே முழு விமானத்தையும் ஒரே சீராக வெளிறச் செய்வதைவிட, வெயில் தாக்கும் மேற்பரப்பை வெளிறவிட்டு, நிழலிலுள்ள பகுதிகளை விதிப்படி விடுதலே பொருத்தமுடையது.

வெயிலும் மழையும் காற்றும் பாறையைத் தேய்ப்பதற்கு ஆங்கிலப் புவியியலார் வழங்கும் சொல்லையே மாதிரி செய்வோரும் தம் கலையின் இறுதிப்படிக்கு வழங்குகின்றனர். நம் பாடசாலைப் புவியியல் நூல்கள் அதனை 'வானிலையாலழிதல்' என மொழிபெயர்த்தன. சொல் பொருத்தமானதே, ஆயினும் விமானத்தில் வானிலை செய்யும் வேலையைவிட மனிதர் கையும் காலும் செய்யும் வேலை மிகுதி. இப்படியில்தான் நல்ல மாதிரிகள் பலவும் பழுதாகின்றன. கைத்திறனைக் காட்டும் ஆசையால் எங்கும் அழுக்கைப் பூசி, ஓரங்களிலெல்லாம் வெள்ளிநிறச் சிராய்ப்புகளை இட்டு, தகடுகள் கூடும் கோடுகளையெல்லாம் கருமையாக்கி, குப்பைமேட்டிற் கிடந்த விமானம்போல் ஆக்கிவிடுகின்றனர்.

ஒரு சிறு கணக்கு இத்தவற்றைத் தெளிவாக்கும். 48 இல் ஒரு பங்கு மாதிரியில் தூரிகை நுனியால் இட்ட ஒரு மில்லிமீற்றர்ப் புள்ளி, உண்மை விமானத்தில் 48 மில்லிமீற்றர், அதாவது ஏறக்குறைய இரண்டு அங்குலம் அகன்ற வெடிப்பாகும். 72 இல் ஒரு பங்கு மாதிரியிலோ அது மூன்று அங்குலத்தை நெருங்கும். உள்ளங்கையகலம் பூச்சு உதிர்ந்த இடங்கள் ஐம்பதுடன் ஒரு போர்விமானம் பணியில் விடப்படுமா என்பதைச் சிந்தித்தல் வேண்டும். தகடுகளின் இடைக்கோடும் அவ்வாறே. மாதிரியில் அது கால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைய, 0.2 மில்லிமீற்றர் அகலமாக வெட்டப்பட்டிருந்தாலும், உண்மையில் அது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளிக்கு நிகர். ஒலியினும் விரைவாகச் செல்லும் விமானத்தில் அத்தகைய வாய்பிளந்த இணைப்புகள் இரா. அச்சிற் பெறும் மாதிரியில் கோட்டை அதனினும் நுண்ணிதாக்குதல் அரிது என்பது உண்மையே. அதனாலேயே அக்கோட்டைக் கரியமையால் நிரப்பி உரக்கச் சொல்லாது, அடிநிறத்தினும் சற்றே கருகிய நிறத்தால் மெல்லெனச் சொல்லவேண்டும். அடிக்கடி திறக்கப்படும் கதவுகளின் விளிம்பிலும், அசையும் செட்டைப்பகுதிகளின் விளிம்பிலும் மட்டும் கோடு சிறிது அழுத்தமாக இருக்கலாம். அவ்விடங்களில் உண்மையாகவே இடைவெளி உண்டு, அதில் எண்ணெயும் தூசியும் தேங்குகின்றன.

கறை எங்கே இருக்கவேண்டும் என்பதை விமானத்தின் அமைப்பே கூறும். எஃப்-4 விமானத்திற்கு ஆட்கள் ஏறுவது இடப்பக்கத்தால். ஆகவே பாதத்தின் தேய்வும் கையழுக்கும் இடப்பக்கத்தில் மிகுந்தும் வலப்பக்கத்திற் குறைந்தும் காணப்படும். இருபுறமும் ஒருநிகராக அழுக்கிடுதல் சமச்சீரை விரும்பும் கண்ணின் பிழை. செட்டையின் அடிப்பகுதியில், உடலோடு சேருமிடத்திலே, பழுதுபார்ப்போர் நடந்து திரிவர். அங்கே படிவது பூச்சின் உதிர்வன்று, சப்பாத்தின் மங்கல் அழுக்கேயாம். இரு இயந்திரங்களின் புகைவாய்க்குப் பின்னுள்ள உடற்பகுதி வெப்பத்தைத் தாங்கவேண்டியிருத்தலின் வர்ணமின்றி வெற்றுலோகமாகவே விடப்பட்டது. வாற்பகுதியின் கிடைச்செட்டைகளில் உடலை அடுத்த பாகமும் அவ்வாறே. அவ்வுலோகம் புதிய வெள்ளிப்பாத்திரம்போல் ஒளிர்வதன்று. வெப்பத்தால் வைக்கோல் நிறமும் கபிலமும் நீலமுமாகச் சாயை மாறி, தகட்டுக்குத் தகடு வேறுபட்டுத் தோன்றும். ஒரே வெள்ளிப்பூச்சை முழுவதும் அடித்துவிடுபவர் எஃப்-4 இன் மிகச் சுவையான பகுதியைக் கைவிட்டவராவர்.

வயிற்றுப்புறம் வெண்சாம்பல் நிறமாதலின் ஒழுக்குகள் அங்கே தெளிவாகத் தெரியும். இயந்திர எண்ணெய் கபிலமாகவும், நீரியல் அமுக்கப் பொறிகளின் எண்ணெய் செம்மை கலந்தும் ஒழுகும். இவ்வொழுக்குகளுக்கு இரு திசைகள் உண்டு. நிலத்தில் நிற்கும்போது அவை புவியீர்ப்பால் நேர்கீழாக வடியும். பறக்கும்போது காற்றால் பின்னோக்கி இழுபடும். பக்கச்சுவரில் கீழ்நோக்கிய கோடும், வயிற்றில் பின்னோக்கிய கோடும் அதிகம் காணப்படுவது இதனாலே. முன்னோக்கி ஒழுகிய கறையை இட்டவர் அவ்விமானம் பின்னோக்கிப் பறந்தது என்று கூறவேண்டியிருக்கும். துப்பாக்கிக் கரி பற்றியும் ஒரு சொல் உரைக்கவேண்டியுள்ளது. மூக்கின் கீழே துப்பாக்கி உள்ளமைந்தது பிற்பட்ட எஃப்-4 ஈ வகைக்கே. எஃப்-4 சி வகையில் அஃதில்லை. வேண்டியபோது தனியுறையில் வைத்துத் தொங்கவிடுவர். ஆகவே 64-0829 இன் மூக்கிற் கரி பூசுவதற்கு இடமேயில்லை. சக்கரங்களில் சேறு பூசுவதும் அன்ன வகையதே; இத்துணைப் பாரமான ஜெட் விமானம் கொங்கிறீற்றுத் தளத்தில் உருள்வதன்றி வயலில் இறங்குவதன்று.

வெளிறலை ஆக்கும் முறை பலவாயினும் அவற்றுட் சிறந்தது பொறுமையானது. காற்றுத் தூரிகையால் அடிநிறத்தைப் பூசியபின், அதே நிறத்திற் சிறிது மண்ணிறமோ வெண்ணிறமோ கலந்து, நன்றாக நீர்ப்பித்து, மேற்பரப்பின் சில தகடுகளில் மட்டும் மென்மையாகத் தூவுதல் வேண்டும். வெண்மையை மிகக் கலந்தால் பச்சை சுண்ணாம்பு படிந்ததுபோலாகும். வெயிலில் வாடிய பச்சைக்கு மண்ணிறக் கலப்பே பெரிதும் ஒக்கும். வாடிய பரப்பின்மேல் ஆங்காங்கே கருகிய பச்சைத் திட்டுகள் சில இருக்கலாம். அவை நிலத்திற் பணிபுரிந்தோர் பூச்சுப் போன இடங்களைப் புதிய வர்ணத்தாற் திருத்தியவை. புதியது பழையதினுங் கடுமையாகத் தெரிவது இயல்பு. கப்பலில் வாழும் கடற்படை விமானங்களில் இத்திட்டுகளே முழு உடலையும் ஆட்கொள்ளும். உப்புக்காற்று உலோகத்தை அரித்தலால், அரிப்புக் கண்ட இடத்தையெல்லாம் சுரண்டி உடனே பூசவேண்டிய கட்டாயம் அங்குண்டு. நன்னீரால் நிறையக் கழுவும் வசதியோ குறைவு. எனவே எஃப்-14 மாதிரியில் சரியான ஒட்டுப்பூச்சுக் கோலம் உபோன் தளத்து எஃப்-4 இன்மேல் அப்படியே அமையாது. ஒன்றிற் கற்றதை மற்றொன்றில் ஏற்றும் வழக்கம் இப்பொழுது பெருகிவருதல் வருந்தத்தக்கது.

குறிகளை ஒட்டும் முறையிலும் ஒழுங்கு தவறக்கூடாது. மங்கற் பூச்சின் மேற்பரப்பு நுண்ணிய கரடுமுரடுடையது. அதன்மேல் நேரே ஒட்டினால் படத்தின் அடியில் காற்றுச் சிக்கி, பக்கவாட்டொளியில் வெள்ளிபோல் மின்னி, எழுத்தைச் சூழ்ந்த படலத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே விமானம் மங்கலாயினும் முதலில் மினுக்கப் பூச்சொன்றிட்டு, அது நன்கு காய்ந்தபின் ஒட்டி, மென்மையாக்கும் திரவத்தாற் தகட்டுக் கோடுகளுக்குள் படியச் செய்து, எல்லாம் முடிந்தபின்னரே மங்கற் பூச்சிட்டு மூடவேண்டும். பலர் மறப்பது இதன் பின்னுள்ளதை: எழுத்தும் அதே வெயிலில் நின்றது. பரப்பு வாடியிருக்க எழுத்து மட்டும் நேற்றெழுதியதுபோல் நிற்குமாயின் கண் அதனை ஏற்காது. வாடிய நிறத்தை மிக நீர்ப்பித்து எழுத்தின்மேலும் ஒருமுறை தூவினால் இரண்டும் ஒரே காலத்தனவாகும். ஆயினும் செந்நட்சத்திரம் புதியதாகவே இருக்கலாம். மே 20 இற்குப் பின் வந்த ஒரு நாளைக் காட்டும் மாதிரியில் அது அவ்வுடலிலுள்ள மற்றெல்லாப் பூச்சினும் இளையது.